தெனமும் பெரட்டுக்குப் போறாரு

தோட்டத்தில் ஒருவரைப் பற்றி விசாரித்தால், முதலில் கிடைக்கும் பதில் அவர் பெரட்டுக்குப் போகிறாரா இல்லையா என்பதுதான். காலையில் எல்லாரும் களத்தில் கூடுவார்கள். கணக்குப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, இன்ன மலைக்குப் போ என்று வேலை பிரித்துக் கொடுப்பார். அதுதான் பெரட்டு. அங்கே போகிறவர் நன்றாக இருக்கிறார். போகாதவருக்கு ஏதோ ஆகியிருக்கிறது. காளியாயி சின்ன வயதிலிருந்து இப்படித்தான் பேசியும் கேட்டும் வந்திருக்கிறாள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. இலங்கை மலைநாட்டில், ராகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில் கொழுந்து எடுக்கிறாள். பிறந்தது அதே பிரிவின் வரிசை வீடுகளில் மூன்றாம் லயம், வாழ்க்கைப்பட்டது ஐந்தாம் லயம். நடுவில் ஒரு தண்ணீர்ப் பீலியும் கொய்யா மரமும்தான். "எங்க அம்மா என்னைய கட்டிக் குடுத்து பீலிக்கு அந்தப் பக்கம் அனுப்பிருச்சு" என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். சொன்ன காலம் உண்டு.

வீட்டுக்காரர் பழனியாண்டி அவளைவிட பதினான்கு வயது மூத்தவர். கவ்வாத்து வெட்டுகிறவர். வளர்ந்து போன தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டித் தள்ளி மறுபடி தளிர்க்க வைக்கிற வேலை அது. அவருடைய வெட்டு சாய்வாக, வழுவழுவென்று இருக்கும். மழைத் தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும், தண்டு அழுகாது. புதிதாக வருகிறவர்களுக்கு அவர் வெட்டிய செடியைத்தான் துரைமார் காட்டுவார்கள். அறுபதில் வேலையை விட்டார். அறுபத்தேழில் மறக்க ஆரம்பித்தார்.

முதலில் சின்னச் சின்னதாகத்தான். உடுத்தியிருக்கிற சாரத்தின் மேல் இன்னொரு சாரம் கட்டிக்கொள்வார். பீலிக்குப் போனவர் மூன்றாம் லயத்தில் யார் வீட்டிலோ போய் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் காளியாயி தேத்தண்ணி கொடுத்தபோது வாங்கிக்கொண்டு, "ஒங்களுக்கு வீடு எந்தப் பக்கம்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். அவள் "இந்தப் பக்கந்தாங்க" என்றாள். அன்றைக்கு அவள் அழுதாள். அழுகையெல்லாம் அந்த ஒரு வருடத்தோடு முடிந்துவிட்டது.

டவுன் ஆஸ்பத்திரியில் மறதி நோய் என்று சொல்லி, மாதா மாதம் கிளினிக்குக்கு வரச்சொன்னார்கள். மருந்து எழுதிக் கொடுத்த கிளினிக் கொப்பியின் மட்டையில் மனநலப் பிரிவு என்று மூன்று பாஷையிலும் சீல் குத்தியிருந்தது. பஸ்ஸில் யாரோ அதைப் பார்த்துவிட்டு லயத்தில் சொல்ல, "பழனியாண்டிக்குப் பைத்தியமாம்" என்று பேச்சுக் கிளம்பியது. அதற்குப் பிறகு காளியாயி அந்தக் கொப்பியை அரிசி வாளிக்குள் வைத்தாள். கிளினிக்குக்குப் போகும்போது ஒரு கறுப்புப் பையில் சுற்றி எடுத்துப் போவாள்.

பெரட்டு தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஒரு காலை தேயிலை அரைக்கிற ஸ்டோரில் சங்கு ஊதியது. பழனியாண்டி எழுந்தார். பழைய படங்குச் சாக்கை இடுப்பில் கட்டினார். கவ்வாத்துக் கத்தியைத் தேடினார். அவள் அதை ஒளித்துவிட்டு ஒரு தடியைக் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு நேராகக் களத்துக்குப் போய், ஆம்பிளைகள் வரிசையில் நின்றார். ஐந்து வீடு தள்ளிப் போனால் வழி தெரியாத மனுசன், களத்துக்கு மட்டும் பிசகாமல் போனார்.

கணக்குப்பிள்ளை கணேசமூர்த்தி எல்லாப் பேரையும் கூப்பிட்டுப் புத்தகத்தை மூடினார். ஆட்கள் கலைந்தார்கள். பழனியாண்டி மட்டும் நின்றார். கணேசமூர்த்தி ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, பெரட்டுக் குரலிலேயே கூப்பிட்டார்.

"பழனியாண்டி!"

"வந்தேங்க!"

"பதினொன்னாம் நம்பர் மலை. போங்க."

அவர் போனார். பாதி வழியில் எதற்குப் போகிறோம் என்பது மறந்து, வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து ரொட்டி தின்றார். அன்றிலிருந்து மூன்றரை வருடம் இதே நடந்தது. சங்கு, படங்கு, தடி, களம், கடைசிப் பேர். பேர் கூப்பிட்டால்தான் தின்பார். நாள் முழுக்க வேலை செய்தால் முழுப்பேர், கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர் என்று எழுதுவார்கள் அல்லவா, அதை வைத்துப் பரிமளம் தினமும் அவரைக் கேலி செய்வாள். அவள் காளியாயிக்குப் பக்கத்துக் காம்பராக்காரி, நடுவில் ஒரே சுவர்தான்.

"அண்ணனப் பாருங்கடி. நடந்துட்டு வந்ததுக்கே முழுப்பேரு. நம்ம முதுகொடிய எடுத்தாலும் அரைப்பேரு."

ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமி விடுமுறையான போயா நாளும்தான் கஷ்டம். பெரட்டு கிடையாது, ஆனால் அவர் கிளம்பிவிடுவார். யாராவது பேர் கூப்பிட வேண்டும். காளியாயி புருசன் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையிலோ கிராம சேவகர் கந்தோரிலோ கேட்டால்கூட மகளைத்தான் சொல்ல வைப்பாள். அதனால் பரிமளம் வாசலில் நின்று தொண்டையைக் கனைத்து, கணக்குப்பிள்ளை மாதிரியே கூப்பிடுவாள். லயமே சிரிக்கும். அவரும் "வந்தேங்க" என்பார்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குச் சளி பிடித்து, காய்ச்சல் கூடி, மூச்சு விசில் மாதிரி வந்தது. தோட்டத்து மருந்து கேட்கவில்லை. 1990க்குப் போன் பண்ணி அம்புலன்சில் டவுனுக்குக் கொண்டுபோனார்கள். ராகலையில் மரக்கறிக் கடையில் வேலை செய்யும் மகள் ஜீவராணி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவசரத்தில் காளியாயி அடையாள அட்டையை எடுத்தாள், துவாய், சாரம், சுடுதண்ணிப் போத்தல் எடுத்தாள். அரிசி வாளியைத் திறக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று சொல்லலாம். வாளி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வாசலில் லயத்து ஆட்கள் பத்துப் பேர் நின்றார்கள்.

டொக்டர் சிங்களத்தில் கேட்டார். இளம் வயதுக்காரர், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஷாமிலா என்ற நர்ஸ் மிஸ்ஸி அதைத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, நெஞ்சுல நிமோனியா கூடியிருக்கு. மூச்சு விட அவரால ஏலாது. தொண்டைக்குள்ள குழாய் போட்டு மெசின்ல வைக்கணும். ஐசியூவில ஒரு கட்டில்தான் இருக்கு. அதுக்கு முன்ன ஒண்ணு தெரியணும். இதுக்கு முன்னாடி இவரு எப்படி இருந்தாரு? நல்லா நடமாடினாரா, தன்னோட வேலைய தானே பார்த்துக்கிட்டாரா?"

காளியாயி யோசிக்கவில்லை.

"தெனமும் பெரட்டுக்குப் போறாருங்க. ஒருநாளும் தவற மாட்டாரு."

மிஸ்ஸி டொக்டரிடம் சொன்னாள். டொக்டர் காகிதத்தில் வயதைப் பார்த்தார். எழுபத்திரண்டு. மறுபடி கேட்கச் சொன்னார்.

"இந்த வயசுலயும் வேலைக்குப் போறாரா?"

"போறாருங்க."

ஜீவராணி பக்கத்தில் நின்றாள். அவளுக்குச் சிங்களமும் தெரியும். தரையிலிருந்த ஓட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். டொக்டர் ஏதோ எழுதினார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பதினோரு நாள் மெசினில் இருந்தார். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் பார்க்க விடுவார்கள். செருப்பைக் கழற்றி, பச்சை அங்கி போட்டு, கை கழுவி உள்ளே போனால் அந்த ஐந்தில் இரண்டு முடிந்திருக்கும். வாயில் குழாய், கழுத்தில் குழாய். இரண்டு கையும் கட்டில் கம்பியோடு பாண்டேஜ் துணியால் கட்டியிருந்தது. குழாயைப் பிடுங்கிவிட்டாராம். கட்டிய கை சும்மா இருக்கவில்லை. மணிக்கட்டு உள்ளே மடங்கி, சாய்ந்து, வெளியே வந்தது. மறுபடி மடங்கி, சாய்ந்து, வெளியே வந்தது. ஜீவராணி வலிப்பு என்று நினைத்தாள். காளியாயிக்குத் தெரியும், அவர் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்.

"பேர் சொல்லிக் கூப்பிடுங்கம்மா. பழகின குரல் கேட்டா நல்லம்" என்றாள் ஷாமிலா மிஸ்ஸி.

"என்னாங்க" என்றாள் காளியாயி. "இந்தா, என்னாங்க."

மிஸ்ஸி காத்திருந்தாள். அதற்கு மேல் காளியாயிக்கு வாய் வரவில்லை. ஐந்து நிமிடம் முடிந்தது.

பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். தானாக மூச்சு விட்டார். ஆனால் கண் யார் மேலும் நிற்கவில்லை. கையைப் பிடித்தால் பிடிக்கவில்லை, தண்ணீர் கொடுத்தால் விழுங்கவில்லை. டொக்டருக்குச் சந்தேகம் வந்து, பழைய மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். ஜீவராணி போய் அரிசி வாளியிலிருந்து கொப்பியை எடுத்து வந்தாள். மட்டையிடுக்கில் இரண்டு அரிசி இருந்தது.

டொக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று காளியாயி பிறகு நினைத்தாள். நாற்காலியை இழுத்து அவர்கள் முன்னால் உட்கார்ந்து மெதுவாகப் பேசினார். மிஸ்ஸி துண்டு துண்டாகச் சொன்னாள்.

"ஐந்து வருசமா இந்த நோய் இருக்குன்னு தெரிஞ்சிருந்தாலும் மருந்து குடுத்துத்தான் இருப்பாராம். ஆனா மெசின்ல போட முன்ன ஒங்களோட உக்காந்து பேசியிருப்பாராம். மறதி நோய் உள்ள வயசானவங்க மெசின்ல இருந்து தப்பி வந்தாலும், முன்ன இருந்த மாதிரி வாறது குறைவாம். சிலபேரு வருவாங்களாம். நெறையப் பேருக்கு முன்ன முடிஞ்சது பிறகு முடியாமப் போயிருமாம். திரும்பவும் இதே நெஞ்சு நோய் வரவும் கூடுமாம். அதைச் சொல்லாம செஞ்சிட்டோமேன்னு இவருக்குக் கவலையாம்."

"நாங்கதான் சொல்லல" என்றாள் ஜீவராணி.

காளியாயி கொப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது லயமே கூடி நின்றது. "எமனையே எட்டி ஒதைச்சிட்டு வந்துட்டாருய்யா" என்று யாரோ சொன்னார்கள். பாலில் கரைக்கிற மோல்ட் பக்கெட், ஆப்பிள், பிஸ்கட் எல்லாம் கொண்டு வந்தார்கள். அவர் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். அந்தக் குழாய் வழியாகத்தான் கஞ்சி போகும். ஆப்பிளைப் பரிமளத்தின் பிள்ளைகள் தின்றன.

மறுநாள் காலை சங்கு ஊதியது. காளியாயி முன்பே எழுந்து, படங்கை மடித்துக் கட்டில் ஓரத்தில் வைத்திருந்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கு நின்றது. அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுப்பை மூட்டினாள். அப்புறம் ஒரு வாரம் தினமும் படங்கை எடுத்து வைத்தாள். எட்டாம் நாள் அதை அவர் இடுப்புக்குக் கீழே விரித்தாள். புண் வந்திருந்தது, மெத்தை நனையாமல் இருக்க ஏதாவது வேண்டியிருந்தது.

மூன்றாவது வாரம் கணேசமூர்த்தியே வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றி, தொப்பியைக் கையில் எடுத்து, கட்டில் பக்கம் நின்றார். பரிமளம்தான் வரச்சொல்லியிருந்தாள்.

"பழனியாண்டி!"

அடுத்த லயத்தில் நாய் குரைத்தது.

"பழனியாண்டி!"

கண் திரும்பவில்லை. கணேசமூர்த்தி தொப்பிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். "சளி இன்னும் இருக்கு போல" என்றார். தேத்தண்ணியைப் பாதி குடித்தார். "நாளைக்கு வர்றேன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. காளியாயி அதைத் தப்பாக நினைக்கவும் இல்லை.

அவள் வேலைக்குப் போகவில்லை. இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைப்பாள். குழாயில் கஞ்சி ஊற்றுவாள், புண் கழுவுவாள், துணி துவைப்பாள். வாரத்துக்கு ஒருமுறை ஜீவராணி வந்து அவர் மணிக்கட்டில் தேங்காயெண்ணெய் தடவுவாள். பாண்டேஜ் கட்டிய இடத்தில் தழும்பு கறுத்திருந்தது. கை அசைவதை நிறுத்தியிருந்தது. எந்த நாள் நின்றது என்று காளியாயி யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. பரிமளம் வந்து பேசினால் ஆமாம் போடுவாள். என்ன பேசினாள் என்று கேட்டால் தெரியாது.

நான்காம் மாதம் மறுபடியும் அந்த விசில் மூச்சு வந்தது.

அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுக் காளியாயி அரிசி வாளியைத் திறந்தாள். கொப்பியை எடுத்து, பையில் போடாமல், சீல் வெளியே தெரியக் கையில் பிடித்துக்கொண்டு லயத்தைக் கடந்து போனாள். பார்த்தவர்கள் பார்த்தார்கள்.

ஜீவராணி வெளிநோயாளர் வாசலில் நின்றாள்.

"அம்மா, இந்தத் தடவையும் மெசின்ல போடச் சொல்லுவோம். போன தடவ பொழச்சாருல்ல?"

"பொழச்சாரு."

"அப்புறம் என்ன?"

காளியாயி கொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"என்னம்மா, ஒனக்கு அலுத்துப் போச்சா?"

"அலுக்கலடி. எனக்கு ஒண்ணுமே தோணல."

"ஒண்ணும் தோணலன்னா போடச் சொல்லலாம்ல? நா கேக்குறேன். ஒரு மகளா நா கேக்குறேன்."

"கையக் கட்டுவாங்க" என்றாள் காளியாயி.

 ஜீவராணி துப்பட்டாவை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். அழுவது தெரிந்தது. காளியாயி அவள் முதுகில் கை வைத்தாள். அந்தக் கை யாருடையதோ போல இருந்தது.

டொக்டர் வேறு ஆள், ஒரு பெண். மிஸ்ஸி அதே ஷாமிலாதான். அடையாளம் கண்டு தலையசைத்தாள். கொப்பியைக் கேட்பதற்கு முன்பே காளியாயி நீட்டினாள். டொக்டரம்மா வாசித்துவிட்டு, மிஸ்ஸியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"ஐசியூவில இடம் இருக்காம். ஒங்களுக்கு விருப்பம்னா போடலாமாம். ஆனா இந்த முறை வெளிய வாறது சந்தேகம்னு சொல்றாங்க. இல்லேன்னா சாதாரண வாட்டிலேயே வச்சு, மருந்தும் ஒட்சிசனும் குடுத்து, நோகாம பாத்துக்குவாங்களாம். ரெண்டுல எதுன்னாலும் ஒங்களக் கொறை சொல்ல மாட்டாங்க." மிஸ்ஸி டொக்டரம்மா கையிலிருந்த காகிதத்தைக் காட்டினாள். "இதுக்கு முன்னாடி எப்படி இருந்தாருன்னு எழுதணுமாம்மா. சொல்லுங்க."

போன தடவை கேட்ட அதே கேள்வி. காளியாயி ஜீவராணியைப் பார்த்தாள். ஜீவராணி இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள்.

"பெரட்டுக்குப் போறதில்லைங்க" என்றாள் காளியாயி. "முந்தியும் வேலைக்குப் போகல. களத்துல போயி நிப்பாரு. பேரு கூப்புடுவாங்க. அதுக்கு மட்டும் பதில் சொல்லுவாரு. இப்ப அதுவும் இல்ல. எந்திரிக்கிறதில்ல, முழுங்குறதில்ல, என்னையத் தெரியாது." மூச்சு வாங்கினாள். "வாட்டுலயே வைங்க. கையக் கட்டாதீங்க."

மிஸ்ஸி அதைச் சிங்களத்தில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தது. பெரட்டு என்பதை எப்படிச் சொன்னாளோ தெரியாது. டொக்டரம்மா எழுதினார். ஜீவராணி வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆம்பிளை வாட்டில் ஜன்னலோரக் கட்டில். ஒட்சிசன் மாஸ்க் மட்டும். வலிக்கும் இளைப்புக்கும் ஊசி. கை இரண்டும் போர்வைக்கு மேலே சும்மா கிடந்தன. பார்வை நேரத்தில் காளியாயி பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பாள். பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்த வீரய்யா என்ற மனுசர் தோடம்பழம் உரித்துத் தின்பார், அவளுக்கும் ஒரு சுளை நீட்டுவார். "அண்ணனுக்கு எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். சொன்னாள். மறுநாளும் அதையே கேட்டார். மறுபடி சொன்னாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் மூச்சு நீண்டு நீண்டு நின்று வந்தது. ஜீவராணி தேத்தண்ணி வாங்கக் கீழே போயிருந்தாள். காளியாயி குனிந்தாள்.

"பழனியாண்டி" என்றாள்.

நாற்பது வருடத்தில் முதல் தடவை. சத்தம் பெரட்டுக் குரலாக வரவில்லை, சாதாரணமாகத்தான் வந்தது. "பதினொன்னாம் நம்பர் மலை. போங்க."

ஒன்றும் நடக்கவில்லை. மாஸ்க்கில் ஆவி படிந்து மறைந்தது, படிந்து மறைந்தது. அவள் நிமிர்ந்து, யாராவது கேட்டார்களா என்று பார்த்தாள். வீரய்யா பழத்தோலைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலை பத்தரைக்குப் போனார்.

கருமாதி முடிந்த மறுநாள் சங்கு ஊதியது. காளியாயி கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனாள். நாலரை மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். கணேசமூர்த்தி பேர் கூப்பிட்டார். அவள் பேர் வந்தபோது அவள் நினைப்பு எங்கோ இருந்தது, பரிமளம் முழங்கையால் இடித்தாள். "வந்தேங்க" என்றாள். பேர்கள் முடிந்தன. கணேசமூர்த்தி புத்தகத்தை மூடினார்.

யாரும் நகரவில்லை. இன்னும் ஒரு பேர் இருப்பது போல, பழக்கத்தில், எல்லாரும் கொஞ்சம் நின்றார்கள். கணேசமூர்த்தியும் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

"சரி" என்றார். "ஏழாம் நம்பர் மலை. போங்க."

காளியாயி கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மற்றவர்களோடு ஏறினாள்.